முன் சில்லுக்குச் சிறு தளர்ச்சி வேண்டும்

பழைய வாகனங்களைத் தம் கையாலேயே திருத்தும் அன்பர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை உண்டு. நட்டு எதுவாயினும் இயன்றவரை இறுக்கிவிட்டால் ஆபத்தில்லை என்பதே அது. முன் சில்லின் பெயரிங் விடயத்தில் இந்த நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கக்கூடியது. எம்.ஜி.பி. என்னும் விளையாட்டு ரகக் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வாரம் இதனை ஆராய்வோம்.

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை இந்த வகைக் கார்கள் 5 இலட்சத்துக்கும் மேல் உருவாயின. தாயகத்தில் நாம் கண்டு பழகிய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களைச் செய்த பிரிட்டிஷ் மோட்டார் கூட்டுத்தாபனமே இதனையும் அறிமுகப்படுத்தியது. உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைப்பதால், வீட்டிலேயே பராமரிப்பதற்கு ஏற்ற கார் இது.

இதன் முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு பெயரிங்குகள் உள்ளன. அவற்றினுள் இருப்பவை உருண்டைக் குண்டுகள் அல்ல. ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் உள்ள உருக்கு உருளைகள். அமெரிக்காவில் ஹென்றி ரிம்கென் 1898இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. வாகனத்தின் பாரத்தையும், வளைவுகளில் ஏற்படும் பக்கவாட்டு உந்தலையும் இவை ஒருங்கே தாங்குகின்றன. ஆனால் உருளைகளுக்கு உரிய இடைவெளியைப் பொருத்துபவரே அளந்து கொடுக்க வேண்டும்.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் இச்சில்லு நிமிடத்துக்கு ஏறக்குறைய 850 தடவை சுழல்கிறது. இடைவெளி இல்லாவிடின் கிறீஸ் படலம் தங்குவதற்கு இடமின்றி உருளைகள் சூடேறும். சூட்டினால் உலோகம் விரிந்து மேலும் இறுகும். ஈற்றில் பெயரிங் சிக்கிக்கொண்டு அச்சுத் தண்டையே அரித்துவிடும். சில்லு கழன்றோடவும் கூடும். மாறாக, தளர்ச்சி மிகுந்தால் சில்லுடன் பிறேக் டிஸ்க்கும் ஆடும். அந்த ஆட்டம் பிறேக் கட்டைகளைப் பின்னே தள்ளிவிடுவதால், அவசரத்தில் மிதிக்கும் முதல் மிதி வீணாய்ப் போகும்.

முதலில் குறையைக் கண்டறிவோம். காரை ஜக்கினால் உயர்த்தி, இரும்புத் தாங்கிகளின் மேல் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி வேலை செய்தல் கூடாது. சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். அசைவு கூடுதலாகத் தெரிந்தால், இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். அசைவு மறைந்தால் குறை பெயரிங்கில். மறையாவிடின் கிங் பின் போன்ற பாகங்களில். சில்லைச் சுழற்றும்போது கரகரவென்ற ஓசை கேட்டால், சரிசெய்து பயனில்லை. பெயரிங்கை மாற்றியே ஆகவேண்டும்.

இக்காரின் தனிச்சிறப்பு யாதெனில், இரு பெயரிங்குகளுக்கும் நடுவே ஓர் உருக்குக் குழல் உண்டு. நட்டை இறுக்கும்போது அவ்விசையைத் தாங்குவதும் அச்சுத் தண்டுக்கு வலுவூட்டுவதும் அக்குழலே. குழலுக்கும் வெளிப் பெயரிங்குக்கும் இடையே வைக்கும் ஷிம் என்னும் மெல்லிய வளையங்களே தளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. இவை 0.003, 0.005, 0.010 அங்குலத் தடிப்புகளில் வரும்.

செய்முறை இதுதான். பெயரிங்குகளைக் கழுவிப் புதிய கிறீஸ் இட்டபின், முதலில் ஷிம் இன்றிப் பொருத்தி, சில்லைச் சுழற்றியவாறே அது இறுகும்வரை நட்டை முடுக்குங்கள். இதனால் வெளி வளையங்கள் தத்தம் இருக்கையில் சரியாக அமரும். பின்னர் நட்டைக் கழற்றி, தளர்ச்சி தெளிவாகத் தெரியுமளவுக்கு ஷிம்களை இட்டு மீண்டும் இறுக்குங்கள். முன்னும் பின்னுமான அசைவை டயல் கேஜினால் அளந்து, மிகையான ஷிம்களை அகற்றுங்கள். இறுதியில் எஞ்ச வேண்டிய அசைவு 0.002 முதல் 0.004 அங்குலம் வரை. ஏறத்தாழத் தலைமயிரின் தடிப்பு. நட்டை 40 இறாத்தல்-அடி விசைக்கு இறுக்கி, கொட்டர் பின்னுக்கான துவாரம் நேர்ப்படும்வரை மேலும் முடுக்கலாம், 70ஐத் தாண்டலாகாது. கொட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருத்தல் வேண்டும்.

இத்துணை விசையில் இறுக்கியும் சில்லு இலகுவாகச் சுழல்வதற்குக் காரணம் அக்குழலும் ஷிம்களுமே. வேலை சுலபமாகும் என்று எண்ணி அவற்றை வீசிவிட்டு, நட்டைக் கைக்கணக்கில் வைப்போரும் உளர். அவ்வாறு செய்தால் அச்சுத் தண்டு வலுவிழக்கும். குழல் இல்லாத ஏனைய கார்களிலோ இதே 40 இறாத்தல்-அடியில் நட்டை இறுக்கி அப்படியே விட்டால், பெயரிங் விரைவில் அழியும். அவற்றில் நட்டை இறுக்கிப் பின் தளர்த்தும் முறையே உண்டு. எனவே உங்கள் காருக்குரிய கைநூலைப் பாராமல் சாவியைத் தொடாதீர்கள்.

மேலும் சில எச்சரிக்கைகள். பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக் கூடுமாதலால், தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கழற்றிய பிறேக் கலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். கழுவிய பெயரிங்கைக் காற்றழுத்தத்தால் சுழற்றி உலர்த்துவது விபத்துக்கு இடமளிக்கும். ஒரு பெயரிங்கின் உள் வளையத்தை வேறொன்றின் வெளி வளையத்துடன் சேர்க்காதீர்கள். வெளி மூடியில் கிறீஸை அடைக்கவும் வேண்டாம்.

முடிந்தபின் 15 கிலோமீற்றர் ஓட்டிவந்து, சில்லின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாயின் நன்று. பிறேக்கை அதிகம் பாவிக்காமலே கை வைக்க முடியாத சூடு இருந்தால், இறுக்கம் மிகுந்துவிட்டது என்பதே பொருள். மறுபடி கழற்றி அளக்கும்வரை அக்காரை வீதிக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.