நாற்பதுக்குமேல் நீச்சல்

கோடை விடுமுறையில் நகரத்து நீச்சற்குளங்களில் சிறுவர் சிறுமியர் கூச்சலிட்டுக் கைகால்களை அடித்துக்கொண்டிருப்பர். அவர்தம் பெற்றோர், துண்டையும் தின்பண்டப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே அமர்ந்திருப்பர். "நீங்களும் கற்றுக்கொள்ளலாமே?" என்று நாம் கேட்டால், "இந்த வயதிலா, சாமி? எங்களுக்குத் தெரிந்தது கடப்பாரை நீச்சல்தான்" என்று சிரித்து மழுப்பிவிடுவர்.

அச்சிரிப்பில் அச்சம் கொஞ்சம், வெட்கமே மிகுதி என்பது நம் கருத்து. எட்டு வயதுச் சிறுவன் மீனாய் விரையும் குளத்தில், தொந்தியும் நரையுமாக இடுப்பளவு நீரில் நின்று முதற்பாடம் கேட்பது எளிதன்று. முன்பெல்லாம் சிற்றூர்ப் பிள்ளைகள் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றிலேயே கற்றுக்கொண்டார்கள். நகருக்குக் குடியேறிய குடும்பங்களில் அந்த வாய்ப்புப் போயிற்று; பிறகு கற்றுக்கொள்ளவோ நாணம் இடங்கொடுக்கவில்லை.

முதிர்ந்த வயதில் கற்போரைப் பெரும்பாலும் இடறச் செய்வது மூச்சு. முகம் நீருக்குள் இருக்கும்வரை அவர்கள் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். பிறகு முகத்தைத் திருப்பும் அந்த ஒரு நொடிக்குள் பழைய மூச்சை விடவும் வேண்டும், புதியதை இழுக்கவும் வேண்டும். இஃது எவராலும் இயலாது. பத்து வீச்சுக்குள் நெஞ்சு முட்டுகிறது. உடம்பில் வலுவில்லை என்று எண்ணிக் கரையேறிவிடுகிறார்கள். நீருக்குள்ளேயே மூக்காலும் வாயாலும் குமிழியாக மூச்சை விட்டுப் பழகினால், திரும்பும்போது இழுப்பது ஒன்றே மிஞ்சும். அடுத்த தடை தலை. காற்று நிறைந்த நுரையீரல் மார்பில் இருப்பதால் மார்பு மிதக்கும். தலையைத் தூக்கினாலோ தராசுத் தட்டைப்போலக் கால்கள் தாழும். குளத்தின் அடித்தரையைப் பார்த்தபடி நீந்த வேண்டும். மூட்டை தூக்கும் இளைஞர் அரைக் குளத்தில் களைத்துப்போக, மெலிந்த முதியவர் ஓய்வின்றிப் போய்வருவதன் இரகசியம் இவ்வளவே.

தொடக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு பலகை தருவார்கள். அதிலும் வெட்கம் வேண்டா. புனித சின்னப்பர் பயணம் செய்த கப்பல் மால்டாத் தீவருகே உடைந்தபோது நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்தார்கள். மற்றவர்கள் பலகைகளைப் பற்றி வந்தார்கள். கரை சேராதவர் ஒருவருமில்லை.

தனியாகக் கற்பதைவிட ஒரு சங்கத்திலோ குழுவிலோ சேர்வது நன்று என்போம். தனியாகப் போகிறவர் பத்து நாளில் நின்றுவிடுவார், சங்கத்திலோ, "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆளிருக்கும். குளத்தைக் கயிறுகளால் பல தடங்களாகப் பிரித்து, விரைவுக்கேற்ப ஆட்களை அமர்த்துவார்கள். ஒரே தடத்தில் ஐந்தாறு பேர், ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்புவர். பின்னால் வருபவர் விரைவானவரானால், சுவரருகே நின்று அவருக்கு வழிவிட வேண்டும். புதியவருக்கு மெதுவான தடத்தின் கடைசி இடம். ஐம்பது வயது அதிகாரி ஒருவர் பள்ளி மாணவியின் பின்னே நீந்த நேரிடலாம். நமக்குத் தெரிந்தவரை வேறெங்கும் அவர் யாருக்கும் வழிவிட்டதில்லை!

பெரியவர்களுக்கெனப் போட்டி நடத்தும் எண்ணம் வளரக் காரணமானவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ரான்சம் ஆர்தர். குறிக்கோள் ஒன்றிருந்தால் பள்ளி, கல்லூரியோடு நீச்சலை விட்டவர்களும் உடலைப் பேணுவார்கள் என்று அவர் எண்ணினார். 1970 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகரில் அந்நாட்டின் முதற்போட்டி நடந்தது. 1986-இல் டோக்கியோவில் உலகப் போட்டியே நடந்தது. இப்போட்டிகளில் இருபத்தைந்து வயது தொடங்கி, ஐந்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு பிரிவு உண்டு.

நம்மை மிகவும் கவர்ந்தது நால்வர் தொடர் நீச்சலின் விதி. அதில் நால்வரின் வயதையும் கூட்டியே பிரிவை முடிவுசெய்கிறார்கள். 38, 39, 40, 41 வயதுடைய நால்வருக்குக் கூட்டுத்தொகை 158. அவர்கள் 120 முதல் 159 வரையுள்ள பிரிவில் இளையவர்களோடு மோத வேண்டும். நாற்பது வயதுக்காரருக்குப் பதிலாக அறுபத்திரண்டு வயதுப் பெரியவர் வந்தால் தொகை 180. அணி அடுத்த பிரிவுக்கு ஏறிவிடுகிறது. மருந்துச் செலவைப் பேசும்போது மட்டுமே தாத்தாவின் வயது நினைவுக்கு வரும் வீடுகளை நாம் அறிவோம். இங்கே அவ்வயதை வரவில் எழுதிக்கொண்டு, வாருங்கள் என்று அழைக்கிறார்கள்.

ஜப்பானில் மியேகோ நாகவோகா என்னும் அம்மையார், முழங்கால் நோவு தீர எண்பது வயதளவில் நீந்தத் தொடங்கினார். கழுத்தளவு நீரில் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். நோயுற்ற மூட்டுக்கு இதைவிட ஆறுதல் ஏது? 2015-இல், நூறு வயதில், 25 மீட்டர் குளத்தில் 1500 மீட்டரை அவர் மல்லாந்தே நீந்தி முடித்தார். அறுபது முறை போய்த் திரும்பாமல், போவதும் வருவதுமாக அறுபது நீளங்கள். ஒரு மணி பதினாறு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. அவர் பிரிவில் வேறு போட்டியாளர் இல்லை.

நெஞ்சுநோயோ வலிப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இறங்கலாகாது. தாய்மார்கள் தங்களுக்கெனத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் உண்டா என்று முதலிலேயே விசாரிக்கட்டும். இல்லையெனில் நால்வர் சேர்ந்து கேட்கட்டும். இன்னொன்று: குளத்து நீர் இழுக்காது, கடல்நீர் இழுக்கும். குளத்தில் நாற்பது சுற்றுப் போய்வருபவராயினும், வேளாங்கண்ணிக்குப் போகையில் அலை இழுக்குமிடத்தில் காலை மட்டும் நனைத்துக்கொண்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி நிற்கட்டும்.