ஜூலை 23 - இன்னைக்கு என்ன நாள்?

தினமும் காலையில வாட்ஸ்அப்புல வந்து விழுது மக்களே, 'இன்றைய நாள்' கதம்பம். மேல பொன்மொழி, நடுவுல ஒரு மொக்கை ஜோக், கீழ ராகு காலம், எமகண்டம். கூடவே 'வரலாற்றில் இன்று'. ஜூலை 23 வந்தா திலகர் பிறந்த நாள் (1856), ஆசாத் பிறந்த நாள் (1906), பம்பாயில வானொலி ஆரம்பிச்ச நாள் (1927), நடிகர் சூர்யா பிறந்த நாள். எல்லாம் சரி... தர்மபுரிக்காரன் அனுப்புற பட்டியல்ல சுப்பிரமணிய சிவா எங்கய்யா?

1925 ஜூலை 23, மனுஷன் நம்ம பாப்பாரப்பட்டியிலதான் உயிரை விட்டார். 1908ல வ.உ.சி.யோட கைதாகி ஜெயிலுக்குப் போனவர், தொழுநோயோட வெளிய வந்தார். அந்த நோயைக் காரணம் காட்டி ரயில்ல ஏறக் கூடாதுன்னுட்டான் வெள்ளைக்காரன். ஊர் ஊரா நடந்தே போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட 1923ல சித்தரஞ்சன் தாஸை வச்சு அடிக்கல் நாட்டினார். கட்டி முடிக்கல, 40 வயசுல போய்ட்டார்.

'அதான் மணிமண்டபம் இருக்கே, மாலை போடுறாங்களே'ம்பீங்க. மாலை போடுறது அதிகாரிங்க வேலை. ஞாபகம் வச்சிக்கிறது நம்ம வேலை இல்லையா? எவனோ எங்கயோ எழுதினதை அப்படியே தள்ளி விடுறோமே, நம்ம ஜில்லாவுக்குன்னு ஒரு வரி சேர்க்க பத்து செகண்ட் ஆகுமா?

ஜோக்கைத் தூக்கச் சொல்லலீங்க. எமகண்டத்துக்குப் பக்கத்துல ஒரு வரி இடம் போதும்.