அடுப்புச் சர்க்யூட்டில் ஒரு போர்க்காலச் சலுகை

அமெரிக்காவில் பழைய வீட்டை வாங்கிச் சமையலறையைப் புதுப்பிக்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மின் அடுப்புக்குப் போகும் பழைய மூன்று கம்பிச் சர்க்யூட்டை விதி அனுமதிக்கிறது. ஆகவே அடுப்பை எதிர்ச்சுவருக்கு மாற்றும்போது அதே மாதிரிக் கம்பியை இன்னும் கொஞ்சம் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். தொழில் தெரிந்தவர்களே சிலர் இதைச் சொல்கிறார்கள். இது தவறு, உயிரை வாங்கக்கூடிய தவறு.

அந்த அனுமதி பிறந்த கதையைப் பாருங்கள். 1942இல், போருக்குச் செம்பு தேவைப்பட்டபோது, அடுப்பின் உலோக உடலுக்குத் தனி எர்த் கம்பி இழுக்காமல் நியூட்ரலிலேயே இணைத்துக்கொள்ளலாம் என்று தேசிய மின் விதித்தொகுப்பில் ஓர் இடைக்காலத் திருத்தம் வந்தது. செம்பை மிச்சப்படுத்தத்தான் அந்த ஏற்பாடு. பாதுகாப்பு ஆராய்ச்சி எதுவும் அதற்கு அடிப்படை இல்லை. 1945இல் போர் முடிந்தது. சலுகையோ துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் பரவி, 1996 பதிப்பு வரை நீடித்தது. அந்தப் பதிப்புதான் புதிய சர்க்யூட்டுகளுக்கு நான்கு கம்பியைக் கட்டாயமாக்கி, ஏற்கெனவே இருப்பவற்றுக்கு மட்டும் பழைய முறையை விட்டுவைத்தது. இன்று அது 250.140ஆம் விதி.

'மெயின் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே இடத்தில்தானே சேர்கின்றன, நடுவில் இரண்டு கம்பி எதற்கு?' என்று கேட்பார்கள். பேனலில் சேர்வது உண்மைதான். ஆபத்து பேனலில் இல்லை, பேனலுக்கும் அடுப்புக்கும் இடையில் இருக்கிறது. அடுப்பின் சூடேற்றும் சுருள்கள் 240 வோல்ட்டில் இயங்கினாலும், கடிகாரமும் ஓவன் விளக்கும் 120 வோல்ட்டில் இயங்கி, நியூட்ரல் வழியாக மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகின்றன. நியூட்ரல் எங்காவது தளர்ந்துவிட்டால் அந்த மின்சாரத்துக்குத் திரும்ப வழியில்லை. விளக்கின் வழியாக 120 வோல்ட் அடுப்பின் உடலுக்கு வந்து நிற்கும். பிரேக்கர் விழாது, ஏனென்றால் அளவுக்கு மீறிய மின்சாரம் எங்கும் பாயவில்லை. ஒரு கையை அடுப்பிலும் மறுகையை உலோகக் குழாயிலும் வைப்பவரின் உடல்தான் அப்போது திரும்பும் பாதை. மார்பின் குறுக்கே சில பத்து மில்லிஆம்பியர் பாய்ந்தாலே மூச்சு நின்றுவிடலாம். ஆளைக் காக்கும் ஜி.எஃப்.சி.ஐ. கருவி சுமார் 5 மில்லிஆம்பியரிலேயே துண்டிக்கும்படி அமைக்கப்பட்டிருப்பது அதனால்தான். நான்கு கம்பி இருந்தால் நியூட்ரல் அறுந்தாலும் கடிகாரம் அணையுமே தவிர, அடுப்பின் உடலில் மின்சாரம் ஏறாது.

இப்போது நீட்டிப்புக்கு வருவோம். கம்பியை நீட்டுகிறவர் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து நியூட்ரலில் புதிதாக ஒரு இணைப்பைப் போடுகிறார். பழைய கம்பி அலுமினியமாக இருந்து புதியது செம்பாக இருந்தால் அந்த இணைப்பு இன்னும் பலவீனமானது. இரண்டு வேலையைத் தனியாகச் சுமக்கும் கம்பியில், அது தளர்வதற்கென்றே ஓர் இடத்தை உண்டாக்குகிறோம். 'ஏற்கெனவே இருக்கும் சர்க்யூட்' என்ற விதியின் சொற்களுக்குள் நேற்று கடையில் வாங்கிய கம்பியை எப்படி அடக்க முடியும்? சுவருக்குள் இருப்பதற்குத்தான் அந்தச் சலுகை. புதிதாக இழுப்பது புதிய வயரிங்.

பழைய சர்க்யூட்டுக்கும் நிபந்தனைகள் உண்டு என்பதைப் பலர் படிப்பதே இல்லை. நியூட்ரல் செம்பானால் 10 கேஜைவிடவும் அலுமினியமானால் 8 கேஜைவிடவும் மெலிந்திருக்கக் கூடாது. அதற்கு உறை இருக்க வேண்டும். உறையில்லாத கம்பியென்றால் அது எஸ்.இ. (சர்வீஸ் என்ட்ரன்ஸ்) வகைக் கேபிளின் பகுதியாக இருந்து, மின்சாரம் வீட்டுக்குள் நுழையும் முதன்மைப் பேனலிலிருந்தே புறப்பட வேண்டும் என்பது 2023க்கு முந்தைய பதிப்புகளின் நிபந்தனை. புதிய மெயின் பேனலை வெளியே வைத்துப் பழையதைத் துணைப் பேனலாக்கும்போது, அந்தப் பதிப்புகளின்படி, அடுப்புக் கம்பியை யாரும் தொடாமலே அந்த நிபந்தனை முறிந்துபோனது.

'ஐம்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே' என்பது அடுத்த வாதம். ஐம்பது வருஷமாக நியூட்ரல் தளரவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

எனக்கு மிகவும் கோபமூட்டுவது வேறொன்று: மூன்று கம்பி வரும் இடத்தில் நான்கு துளை அவுட்லெட்டைப் பொருத்தி, உள்ளே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒரு துண்டுக் கம்பி போட்டுவிடுவது. பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். அடுத்து வீடு வாங்குகிறவர் நம்பிவிடுவார். பழைய சர்க்யூட்டை மாற்றவே முடியாத நிலையில், அவுட்லெட்டை அப்படியே விட்டு, புதிய அடுப்புக்கு மூன்று முனை கார்டு மாட்டி, உடலை நியூட்ரலோடு சேர்க்கும் பட்டையை இருக்கவிடுவதே நேர்மையான வழி. நான்கு முனை கார்டு மாட்டினால் அந்தப் பட்டையைக் கழற்றியே ஆக வேண்டும்.

செலவைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. சுவரைத் திறக்காமல் தனி எர்த் கம்பி ஒன்றை மட்டும் பேனல் வரை இழுத்துச் சேர்க்க 250.130ஆம் விதி இடம் தருகிறது. 50 ஆம்பியர் சர்க்யூட்டுக்கு அது 10 கேஜ் செம்பாக இருந்தால் போதும். சமையலறைச் சுவரையே உடைத்துப் புதுப்பிக்கிறவர் பேனலிலிருந்து நான்கு கம்பிக் கேபிளைப் புதிதாக இழுக்கலாம். கிரானைட்டுக்கும் அலமாரிக்கும் ஒதுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சிறியது. ஒப்பந்தக்காரர் விலைப்பட்டியலைத் தரும் அன்றே இந்தச் செலவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.