ஹாஸ்டல் டாக்கீஸ்: வான்கோழி பறக்குது, உஷார்!

லீவுக்கு ஊருக்குக் கிளம்புறீங்களா பாஸ்? அதுக்கு முன்னாடி 1995-ல் ஜோடி ஃபாஸ்டர் டைரக்ட் பண்ணின 'ஹோம் ஃபார் த ஹாலிடேஸ்' பார்த்துடுங்க. சிகாகோவில் வேலை பறிபோன கையோடு, தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு பால்டிமோரில் இருக்கிற அப்பா, அம்மா வீட்டுக்கு வர்றார் ஹாலி ஹன்டர். பிரதர் ராபர்ட் டௌனி ஜூனியர் வான்கோழியை வெட்ட, அது எகிறி சிஸ்டர் மடியில் லேண்டிங்! அப்புறமென்ன... வருஷக்கணக்கா அமுக்கி வெச்ச கோபமெல்லாம் டைனிங் டேபிளுக்கு வந்துடுது. வயிறு வலிக்கச் சிரிச்சு நிமிர்ந்தா, தனியா உட்கார்ந்து பழைய ஹோம் மூவி ஓட்டிட்டு இருக்கார் அப்பா. நமக்குக் கண்ணு வேர்த்துடுது!

கத்துற வீடுதான்... ஆனா, தோத்துட்டு வந்தாலும் தட்டு வைக்கிற வீடு அது ஒண்ணுதானே!

எனக்கு ரெண்டு அரியர். இந்த லீவுல அப்பாகிட்ட சொல்லிடப் போறேன். நம்ம வீட்ல வான்கோழி கிடையாது. சாம்பார் கரண்டி பறந்தா, கேட்ச் பிடிச்சுக்கலாம்!