சொல்லும் வரையறையும்

பாலூட்டிகள் யாவை என வினவின், ‘குட்டியீன்று பாலூட்டுபவை’ என்றே பலரும் விடையிறுப்பர். அது பிழையாம். பாலூட்டிகள் மூவகைப்படும். முட்டையிடும் பிளாட்டிபஸ், எக்கிட்னா ஆகியன முதல்வகை. முதிராக் குட்டியை ஈன்று பையில் வளர்க்கும் கங்காரு போன்றன இரண்டாம் வகை. நஞ்சுக்கொடிவழிக் கருவை நெடிது வளர்த்து ஈனும் யானை, வௌவால், திமிங்கிலம் போன்றன மூன்றாம் வகை.

பிளாட்டிபஸ் முட்டையிடுவதை 1884இல் ஆஸ்திரேலியாவில் உறுதிசெய்தவர் வில்லியம் கால்டுவெல். ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் இவரல்லர்.

முட்டையிடினும் அதுவும் தன் குஞ்சுக்குப் பாலூட்டுகிறது. ‘பாலூட்டி’ என்னும் தமிழ்ச்சொல் மூவகையையும் தன்னுள் அடக்குகிறது. ‘குட்டியீன்று’ என்னும் அடைமொழியே முதல்வகையைப் புறந்தள்ளுகிறது. நன்னூல் விலக்கும் ‘மிகைபடக் கூறல்’ அன்றோ இது?

எனவே, அறிவியல் வரையறைகளையும் சீர்தூக்கிப் பார்த்தல் தமிழ் பயில்வோர் கடமை என்பதே நம் துணிபு.