வைத்தியர் பக்கம்: சொல்லத் துணிந்தவர்கள்



இந்த இதழில் கொலஸ்ட்ரோல் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழுக்குப் பொறுக்கட்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நடந்த ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சனிக்கிழமைப் பண்ணிசை வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் தொண்டர்கள் எல்லோரும், சிறுவருடன் பணிபுரிவோருக்கான அரசாங்கச் சோதனைக்கு விண்ணப்பித்து அதன் இலக்கத்தைத் தரவேண்டும் என்று செயலாளர் அறிவித்தார். பெரியவர் ஒருவர் எழுந்து, "இருபது வருடமாகத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறேன். என்னையும் கள்ளனைப் போலச் சோதிக்கப் போகிறீர்களோ, தம்பி?" என்றார். சபை அடங்கிப் போயிற்று. நானும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

இந்தச் சோதனை முன்னரே இருந்ததுதான். ஆனால் கோவில்களும் தேவாலயங்களும் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்புச் சொல்லவேண்டிய இன்றைய நிலை தானாக வரவில்லை. சிறு வயதில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளானவர்கள், வளர்ந்தபின் வாய் திறந்ததனால் வந்தது. சிறுவர் இல்லங்களில் வளர்ந்த லியோனி ஷீடி, ஜோஅன்னா பென்கிளேஸ் என்ற இரு பெண்கள் 2000ஆம் ஆண்டில் தம்மைப் போன்றோருக்காக 'கிளான்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். விசாரணை வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டவர்களில் அவர்களும் உண்டு. 2012 நவம்பரில் பிரதமர் ஜூலியா கிலாட் அரச விசாரணை ஆணைக்குழுவை அறிவித்தார். 2017 டிசம்பரில் அது முடியுமுன் 8,013 தனிப்பட்ட அமர்வுகளில் பாதிக்கப்பட்டவர்களின் கதை கேட்கப்பட்டது.

அந்த அறிக்கையில் ஒரு கணக்கு என்னை நிறுத்திவிட்டது. அமர்வுகளுக்கு வந்தவர்கள் தமக்கு நடந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்லச் சராசரியாக 23.9 வருடம் எடுத்திருக்கிறார்கள். எனக்கு அது புதுமையல்ல. தீராத வயிற்றுவலி என்று பல காலம் என்னிடம் வந்துபோன ஒரு தாய் (அடையாளம் தெரியாதபடி விவரத்தை மாற்றியிருக்கிறேன்), தன் மகளுக்கு ஒன்பது வயதானபோதுதான் தன் ஒன்பதாவது வயதில் நடந்ததைச் சொன்னார். எத்தனை ஸ்கான் எடுத்திருப்பேன்! ஒரு நாளாவது கேட்கவேண்டியதை நான் கேட்கவில்லை.

"இதெல்லாம் பாதிரிமார் விஷயம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சிட்னிக்கு வடக்கே மாங்குரோவ் மவுண்டனில் உள்ள சத்தியானந்த யோக ஆசிரமத்தைப் பற்றி 2014 டிசம்பரில் அதே ஆணைக்குழு பகிரங்கமாக விசாரித்தது. 1970களிலும் 80களிலும் அங்கே பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். காவி, மந்திரம், குருபக்தி எல்லாம் அங்கேயும் இருந்தன. குருவைச் சந்தேகிப்பது பாவம் என்று நினைக்கும் இடத்தில் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

தஸ்மேனியாவில் கிரேஸ் டேம் என்ற பெண்ணுக்கு 2010இல் வயது 15. துன்புறுத்திய ஆசிரியருக்கு 58. பாதிக்கப்பட்டவர் தானே விரும்பினாலும் தன் பெயரைச் சொல்லிப் பேச அந்த மாநிலச் சட்டம் அப்போது இடம் கொடுக்கவில்லை. 2019இல் நீதிமன்ற அனுமதி பெற்றுப் பேசினார். 2020இல் சட்டமே திருத்தப்பட்டது. 2021இல் அவுஸ்திரேலியாவின் ஆண்டுச் சிறப்பாளராகத் தெரிவானார். அவர் மேடை மேடையாக விளக்கியது, ஆங்கிலத்தில் குறூமிங் என்கிறார்களே, அதைத்தான். முதலில் நம்பிக்கை, பிறகு பிள்ளைக்கு எது குறைவோ அதை நிரப்புதல், பிறகு மற்றவர்களிடமிருந்து பிரித்தல், பிறகு இரகசியம். பிள்ளையை மட்டுமல்ல, சில வேளை பெற்றோரையும் இப்படித்தான் வசப்படுத்துகிறார்கள். முன்பின் தெரியாதவனுக்குப் பயப்படு என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, தெரிந்தவரிடம் நாமே கையில் பிடித்துக் கொடுக்கிறோம்.

அரசாங்கச் சோதனையால் எல்லாம் அகப்பட்டுவிடாது. ஏற்கெனவே பதிவில் உள்ளவனைத்தான் அது காட்டும். ஆகவே வகுப்பில் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். உடலுறுப்புகளின் பெயரைப் பிள்ளைகளுக்கு வெட்கப்படாமல் சொல்லிக் கொடுங்கள். "மாமாவைக் கொஞ்சு" என்று தள்ளிவிடாதீர்கள். விருப்பமில்லாவிட்டால் கும்பிட்டுவிட்டுப் போகட்டும், மரியாதை குறைந்துவிடாது. பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாமல், "நீ சொன்னது நல்லது, உன்மேல் பிழையில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு 132 111 என்ற நியூ சவுத் வேல்ஸ் சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவியுங்கள். உடனடி ஆபத்தென்றால் 000. "வெளியில் தெரிந்தால் பெயர் கெடும்" என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். அந்த வசனத்தைக் கேட்டவர்கள்தான் இருபது, முப்பது வருடம் கழித்து என்னிடம் வயிற்றுவலி என்று வருகிறார்கள்.

கூட்டத்தில் எழுந்த பெரியவருக்குப் போன கிழமை தொலைபேசி எடுத்தேன். "ஐயா, வைத்தியனான என்னிடமும் இந்த இலக்கம் கேட்கிறார்கள். ஐந்து வருடத்துக்கொரு முறை புதுப்பிக்கிறேன்" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. "அதுக்குக் காசு கட்ட வேணுமோ?" என்றார். தொண்டர்களுக்கு இலவசம் என்றேன். மனவருத்தம் இன்னும் தீரவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடமுண்டு.