ஜீனோவா, சிட்டியா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டு டி.வி.யில் 'எந்திரன்' ஓடியது. எத்தனையாவது முறையோ! மாமியார் முதற்கொண்டு எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டோம். "ரோபோ கதைன்னா இதுதாம்மா!" என்றாள் காலேஜ் போகும் என் மகள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பரணில் ஏறி ஒரு பைண்டு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். 80களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. வாராவாரம் கிழித்து வைத்து அப்பா பைண்டு செய்தது. சீரோடு சீராக நான் கொண்டு வந்தது. பிற்பாடு தூர்தர்ஷனிலும் தொடராக வந்ததே, பல சகோதரிகளுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த நாவல்தான் இந்தப் படம் என்று சொல்ல வரவில்லை. இரண்டும் வேறு வேறு கதை. ஆனால் படத்தின் வசனத்திலும் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு. 2008-ல் அவர் மறைந்தார்; 2010 அக்டோபரில் படம் வந்தது. மனுஷன் மாதிரி யோசிக்கிற இயந்திரம் என்கிற விதை இரண்டுக்கும் ஒன்றுதானே?

படத்தை நான் குறை சொல்ல மாட்டேனுங்க. தீ விபத்தில், குளித்துக் கொண்டிருந்த பெண்ணை சிட்டி அப்படியே தூக்கி வந்து கேமராக்கள் முன்னால் நிறுத்துமே... மானம் தாங்காமல் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாவாளே அந்தப் பெண்! உயிரைக் காப்பாற்றத் தெரிந்த இயந்திரத்துக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரியவில்லை. கைக்குக் கை செல்போன் இருக்கிற இந்தக் காலத்தில், அந்தக் காட்சி இன்னும் அதிகமாகச் சுடுகிறது.

ஆனால் கதாநாயகி? டாக்டருக்குப் படிக்கிற சனாவுக்குப் படம் முழுக்க என்ன வேலை? ஒரு பக்கம் விஞ்ஞானி, ஒரு பக்கம் ரோபோ, நடுவில் இழுபடுகிற பொருள் மாதிரி அவள்.

நாவலில் வரும் நிலாவைப் பாருங்கள். நம்மைப் போல சாதாரண இல்லத்தரசி. பிள்ளை பெறவே அரசாங்கம் அனுமதி தர வேண்டிய ஒரு சர்வாதிகார நாடு. புருஷன் காணாமல் போகிறான். அழுது கொண்டு உட்காராமல் தேடிக் கிளம்புகிறாள். ஜீனோ என்கிற இயந்திர நாய் கூட வருகிறது. புத்தகம் படிக்கும், கிண்டல் பண்ணும், யோசனை சொல்லும். ஆனால் முன்னால் நடப்பவள் நிலாதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்று வருஷம் முன்பு என் வீட்டுக்காரர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார. பணம் எடுக்க பேங்குக்குப் போனேன். ஃபாரம் நிரப்பத் தெரியாமல், பக்கத்தில் நின்ற சின்னப் பையனிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு நின்றேன். இருபது வருஷக் குடித்தனத்தில், எங்க கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது! அன்று ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு ஞாபகம் வந்தவள் நிலாதான். இப்போது பேங்க், கரண்ட் பில், இன்ஷூரன்ஸ் எல்லாம் நானே பார்க்கிறேன்.

மகள் இரண்டே ராத்திரியில் புத்தகத்தை முடித்துவிட்டாள். "படம்தான் ஜாலிம்மா... ஆனா நிலா நம்ம வீட்டு ஆள் மாதிரி இருக்கா" என்றாள். எனக்கு அது போதும்.

சகோதரிகளே, பிள்ளைகளோடு உட்கார்ந்து 'எந்திரன்' பாருங்கள், ரசியுங்கள். அப்படியே பெண் பிள்ளைகள் கையில் 'என் இனிய இயந்திரா'வையும் கொடுங்கள். ஆபத்தென்றால் சிட்டி பறந்து வந்து காப்பாற்றுவது சினிமாவில்தான். நம் வீட்டுப் பெண்கள் நிலாவாக இருக்கப் பழக வேண்டும். என்ன, நான் சொல்றது சரிதானுங்களே?

— ஒரு வாசகி, துடியலூர், கோவை.